அம்மாவின் முதுகெலும்பு நீர்க்கட்டி: ஊசி போடலாமா, நேராக அறுவைச் சிகிச்சையா?

பெரட்டுக்களத்து மகள் | திங்கள், இரவு 10.15

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு வயது 67. பதினான்கு வயதில் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டப் போனவர். தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறிய பிறகு ஓய்வு பெறும்வரை உதிரிப்பழம் பொறுக்கினார். குனிந்தே கழிந்த உடம்பு.

எட்டு மாதமாக இடது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் வெளிப்பக்கம், கெண்டைக்கால், பாதத்தின் மேற்புறம், பெருவிரல் வரைக்கும் ஒரு வலி. "கம்பியைச் சுட்டு உள்ளே விட்டு இழுக்கிறார்கள்" என்கிறார். வீட்டிலிருந்து மாரியம்மன் கோயில் நானூறு மீட்டர்கூட இராது. அதற்குள் மூன்று முறை உட்கார்கிறார்: தையல் கடைப் படி, பஸ் நிறுத்தம், கோயில் மதில். வேடிக்கை என்னவென்றால், சைக்கிளில் ஏறிவிட்டால் சந்தைவரை போய் மீன் வாங்கி வந்துவிடுவார். "சைக்கிள் ஓட்டுகிறவருக்கு என்ன முதுகுவலி?" என்று அண்ணி முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். அம்மா இரண்டு நாள் அண்ணி சமைத்ததைத் தொடவில்லை.

நீண்ட காத்திருப்புக்குப் பிறகு ஈப்போவில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே இடப்பக்க ஃபேசட் மூட்டிலிருந்து 9 மில்லிமீட்டர் நீர்க்கட்டி ஒன்று நரம்பை அழுத்துகிறதாம். நான்காவது எலும்பு சற்றே முன்னால் நழுவியும் இருக்கிறது. படம் பார்த்துக்கொண்டே ஸ்டீராய்டு ஊசி போடலாம், முடிந்தால் கட்டியையும் உடைக்கலாம், சரிவராவிட்டால் அறுவைச் சிகிச்சை என்றார் நிபுணர். அவர் பேசியது நான்கு நிமிடம். வெளியே வந்த பிறகுதான் எனக்குக் கேள்விகள் வந்தன.

அம்மாவுக்கு நீரிழிவு உண்டு. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 8.1 விழுக்காடு. முதுகுத் தண்டில் ஊசி போட்டால் கால் போய்விடும் என்று பயப்படுகிறார். கட்டி என்ற சொல்லே அவருக்குப் புற்றுநோயாகத்தான் கேட்கிறது. இங்கே யாருக்காவது அனுபவம் உண்டா?

லூனாஸ் தம்பி | திங்கள், இரவு 10.52

அக்கா, ஊசியும் வேண்டாம் கத்தியும் வேண்டாம். ஸ்டீராய்டு எலும்பைத் தின்றுவிடும். என் மாமா ஒரு ஜாமு (மலாய் நாட்டு மூலிகை) மாத்திரை சாப்பிட்டார். மூன்றே நாளில் எழுந்து நடந்தார். ஒரு போத்தல் 60 வெள்ளி. வேண்டுமானால் விற்பவர் எண்ணைத் தருகிறேன்.

இழைக் காவலர் | திங்கள், இரவு 11.05

விற்பவர் எண்ணை இங்கே போட வேண்டாம், தம்பி.

பழைய எக்ஸ்ரேக்காரன் | செவ்வாய், காலை 6.20

அரசாங்க மருத்துவமனைகளில் எக்ஸ்ரே, சி.டி. பிரிவில் முப்பது ஆண்டு வேலை செய்து ஓய்வு பெற்றவன். மருத்துவன் அல்லன். ஆனால் இந்த ஊசி போடும்போது படக்கருவியின் பின்னால் நின்றவன்.

முதலில் சைக்கிள் கதையை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் அம்மாவின் மேல் ஒரு பழி இருக்கிறது. நிமிர்ந்து நடக்கும்போது முதுகெலும்பின் உட்குழாய் சுருங்குகிறது. முன்னால் குனிந்தால் விரிகிறது. சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக் குனிந்திருக்கும்போது நரம்புக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. அதனால்தான் ஓட்ட முடிகிறது, நடக்க முடியவில்லை. சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டியின் மேல் சாய்ந்துகொண்டு ஒரு மணி நேரம் சுற்றுகிறவர்கள், வெறுங்கையோடு பத்து நிமிடம் நடக்க மாட்டார்கள். இந்த நோய்க்கு இது ஓர் அடையாளமே. அண்ணியிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

கட்டியைப் பற்றி. ஒவ்வொரு முள்ளெலும்பும் அடுத்ததோடு பின்பக்கம் இரண்டு சிறு மூட்டுகளால் இணைகிறது. அவைதாம் ஃபேசட் மூட்டுகள். முழங்காலைப் போலவே உள்ளே வழவழப்பான நீர், சுற்றிலும் ஒரு சவ்வு. குருத்தெலும்பு தேய்ந்து மூட்டு தளர்ந்தால் நீர் கூடுகிறது, சவ்வு பலவீனமான இடத்தில் பிதுங்குகிறது. டயர் கிழிந்த இடத்தில் டியூப் புடைத்து வெளியே வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது குழாய்க்குள் புடைத்தால் பக்கத்தில் ஓடும் நரம்பை நெருக்கும். இது புற்றுநோய் அன்று, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. இடுப்பு முதுகெலும்பில் அதிகம் அசைந்து அதிகம் தேயும் இடம் என்பதால் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு இடையில்தான் இது பெரும்பாலும் வருகிறது. எலும்பு நழுவுதலும் கூடவே காணப்படுவது வழக்கம். பாதத்தின் மேற்புறமும் பெருவிரலும் ஐந்தாவது இடுப்பு நரம்பின் வட்டாரம். அம்மா காட்டும் இடமும் படம் காட்டும் இடமும் ஒத்துப்போகின்றன.

இனி ஊசி. குப்புறப் படுக்கவைத்து, வயிற்றுக்குக் கீழே தலையணை கொடுப்பார்கள். தோலுக்கு மரத்துப்போகும் மருந்து. பிறகு 22 கேஜ் அளவுள்ள நீண்ட மெல்லிய ஊசி. அந்த மூட்டின் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். தோலிலிருந்து பல சென்டிமீட்டர் ஆழத்தில், எலும்புக்கு நடுவே இருக்கிறது. கையால் தடவிப் பார்த்துப் போடுவது குருட்டுப்போக்கு. அதனால்தான் சி-ஆர்ம் எனும் வளைவுக்கை எக்ஸ்ரேயோ சி.டி.யோ பார்த்துப் போடுவது. ஊசி நுழைந்ததும் எக்ஸ்ரேயில் தெரியும் நிறமருந்தைத் துளி அளவு விடுவார்கள். அது மூட்டுக்குள் மெல்லிய கோடாக நிறைந்து, பிறகு ஓரத்தில் குமிழாக நீர்க்கட்டிக்குள் வழிவதைத் திரையில் பார்க்கலாம். அந்தக் குமிழ் தெரிந்தால் அறையில் எல்லோருக்கும் மூச்சு வரும். ஊசி சரியான வீட்டுக் கதவைத்தான் தட்டியிருக்கிறது.

அதன் பிறகு ஸ்டீராய்டும் மரப்பு மருந்தும். மூட்டு கொள்வது ஒன்றிரண்டு மில்லிலிட்டர்தான். கட்டியை உடைக்க வேண்டுமென்றால் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: அந்தச் சில விநாடிகளில் அதே கால்வலி, அதே கம்பி, முழு வேகத்தில் வரும். திடீரென்று ஊசிக்குழாயில் எதிர்ப்பு தளர்ந்தால் கட்டி உடைந்தது என்று அர்த்தம். சொல்லாமல் விட்டால் அவர் கால் போய்விட்டது என்றே நினைப்பார்.

இன்னொன்று. ஊசி மூட்டுக்குள்ளா, நரம்பு வெளிவரும் துவாரத்தின் அருகிலா, இரண்டுமா என்று கேளுங்கள். மூன்றும் மூன்று சிகிச்சைகள். "முதுகு ஊசி" என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டோம்.

செம்மோர் அக்கா | செவ்வாய், காலை 8.40

எனக்கு வலப்பக்கம் இதே கட்டி, இதே இடம். இரண்டு ஆண்டுக்கு முன் ஊசி போட்டார்கள். ஐயா சொன்ன அந்தச் சில விநாடிகள் உண்மை. நான் கந்தா என்று கத்தியது வெளியே உட்கார்ந்திருந்த என் கணவருக்குக் கேட்டதாம். அன்று சாயங்காலம் கால் லேசாக இருந்தது. மறுநாள் வலி திரும்பி வந்துவிட்டது, ஏமாந்துபோனோம் என்று அழுதேன். மூன்றாம் நாளிலிருந்து படிப்படியாகக் குறைந்தது. முதல் நாள் சுகம் மரப்பு மருந்தால், ஸ்டீராய்டு வேலை செய்யச் சில நாள் ஆகும் என்பதை எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை.

ஏழு மாதம் நன்றாக இருந்தேன். பிறகு வலி பழையபடி வந்தது. கடைசியில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். ஊசி வீணா என்று கேட்டால், இல்லை என்பேன். அந்த ஏழு மாதத்தில் மகள் கல்யாணத்தை நின்று நடத்தினேன்.

கிராணி பேரன் | செவ்வாய், மதியம் 1.10

அக்காவின் கதையே என் கேள்விக்கும் விடை. கடைசியில் கத்திதான் என்றால் நடுவில் ஊசி எதற்கு? 2009-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. ஊசியால் கட்டியை உடைக்க முயன்ற 101 பேர். 81 விழுக்காட்டினருக்குக் கட்டி உடைந்தது. ஆனால் 54 விழுக்காட்டினர் பிறகு அறுவைச் சிகிச்சைக்குப் போனார்கள். பாதிக்கு மேல்! மூட்டு தளர்ந்திருக்கும்வரை கட்டி திரும்ப வரத்தான் செய்யும். டியூபை ஒட்டினால் போதுமா, டயரை மாற்ற வேண்டாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2012-இல் அதே அமெரிக்காவில் முதுகு ஸ்டீராய்டு ஊசியால் பூஞ்சைத் தொற்று வந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பயப்படுகிற பாட்டியை முட்டாள் என்று நினைக்காதீர்கள்.

பழைய எக்ஸ்ரேக்காரன் | செவ்வாய், மாலை 5.30

யாரும் அப்படி நினைக்கவில்லை, தம்பி. 2012 உண்மை. ஆனால் அது ஒரே ஒரு மருந்துத் தயாரிப்பு நிலையத்தில் கலந்த மாசு. குப்பியிலேயே பூஞ்சை இருந்தது. ஊசி போடும் முறையின் குற்றமன்று. நீங்கள் விட்டுவிட்ட ஒன்றை நானே சொல்கிறேன்: 2014-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம், முதுகெலும்பின் உறையை ஒட்டிப் போடும் ஸ்டீராய்டு ஊசியால் மிக அரிதாகப் பக்கவாதம், பார்வை இழப்பு, கால் செயலிழப்பு ஏற்படலாம் என்று எச்சரித்தது. துகள் உள்ள ஸ்டீராய்டு ஒரு சிறு தமனிக்குள் போய் அடைத்துக்கொள்வது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. அதனால்தான் நரம்புத் துவாரத்தருகே போடும்போது துகள் இல்லாத டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டைப் பலர் விரும்புகிறார்கள். அதனால்தான் நிறமருந்து விட்டுப் பார்ப்பதும். அம்மாவின் பயத்துக்கு வேர் இருக்கிறது. ஆனால் தோட்டத்தில் சொல்லும் அளவுக்கு அது அடிக்கடி நடப்பதில்லை.

54 விழுக்காட்டைப் பற்றி. மீதி 46 பேரை நீங்கள் எண்ணவில்லை. 67 வயது, நீரிழிவு, முதுகைத் திறந்தால் புண் ஆறுவது தாமதம், தொற்றுக்கு வாய்ப்பு அதிகம். கட்டி நரம்புறையோடு ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. பிரிக்கும்போது உறை கிழிந்து மூளைத்தண்டுவட நீர் கசியலாம். எலும்பு நழுவியிருந்தால் திருகாணி போட்டு இணைக்க வேண்டுமா என்ற கேள்வி வேறு. இத்தனையையும் தவிர்க்கக் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால், அதை முதலில் பார்ப்பது முட்டாள்தனமா?

ஆனால் டயர் பேச்சு எனக்குப் பிடித்திருக்கிறது. நழுவல் அதிகமாக இருந்தால் நீங்கள் சொல்வதே சரி. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, குனிந்தும் பின்னால் சாய்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரே. எம்.ஆர்.ஐ. படுத்த நிலையில் எடுப்பது. அதில் எலும்பு நல்ல பிள்ளையாக இருக்கும். மகளே, அம்மாவுக்கு அது எடுத்தார்களா?

பெரட்டுக்களத்து மகள் | செவ்வாய், இரவு 9.40

இல்லை ஐயா, எடுக்கவில்லை. குறித்துக்கொண்டேன்.

அண்ணியிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. இரவு அம்மாவுக்கு அவரே தோசை வார்த்துக் கொடுத்தார்.

ஒரு சந்தேகம். ஒரு மாதமாக அம்மாவின் இடக்கால் செருப்பு நடக்கும்போதே கழன்று பின்னால் நின்றுவிடுகிறது. அவருக்கே தெரிவதில்லை, ஐந்தாறு அடி போன பிறகு நான்தான் சொல்கிறேன். செருப்பு பழசு என்று புதிதாக வாங்கிக் கொடுத்தேன். அதுவும் கழல்கிறது. இதை மருத்துவரிடம் சொல்லவில்லை. செருப்பைப் போய் எப்படிச் சொல்வது?

பழைய எக்ஸ்ரேக்காரன் | செவ்வாய், இரவு 9.52

இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஊசி தேதிவரை காத்திருக்க வேண்டாம், நாளையே காட்டுங்கள். உணர்ச்சி குறைந்ததால் கழல்கிறதா, பாதத்தைத் தூக்கும் சக்தி குறைந்ததாலா என்று பார்க்க வேண்டும். அம்மாவைக் குதிகாலால் மட்டும் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். இடது பாதத்தின் முன்பகுதி தரையில் விழுந்தால் அது பலவீனம். பலவீனம் கூடிக்கொண்டே போனால் ஊசிப் பேச்சுக்கு இடமில்லை. சிறுநீர் அடைப்பதோ, தெரியாமல் போவதோ, உட்காரும் இடம் மரத்துப்போவதோ இருந்தால் அந்த மணிநேரமே அவசரப் பிரிவு. நாள் நட்சத்திரம் பார்க்காதீர்கள்.

லூனாஸ் தம்பி | புதன், காலை 7.30

நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். ஜாமு இயற்கை மருந்து. அதில் ஸ்டீராய்டு கிடையாது.

செம்மோர் அக்கா | புதன், காலை 9.15

தம்பி, கோபித்துக்கொள்ளாதே. மூன்று நாளில் முட்டிவலியும் முதுகுவலியும் பறந்துபோகிறது என்றால் அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். பதிவு செய்யாத ஜாமுகளில் டெக்ஸாமெதசோன் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை பிடித்து அறிவித்திருக்கிறது. ஊசியில் எத்தனை மில்லிகிராம் என்று மருத்துவர் எழுதிவைக்கிறார். போத்தலில் எவ்வளவு என்று விற்பவருக்கே தெரியாது. மாமாவின் முகம் நிலா மாதிரி ஊதியிருக்கிறதா? சர்க்கரை ஏறியிருக்கிறதா? போத்தலில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் மினுமினுக்கும் ஒட்டியும் இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் கிளினிக்கில் போத்தலையே கொண்டுபோய்க் காட்டு. பல நாள் சாப்பிட்டதைத் திடீரென நிறுத்தவும் கூடாது, அதுவும் ஆபத்து.

லூனாஸ் தம்பி | புதன், காலை 9.48

முகம் ஊதித்தான் இருக்கிறது. போத்தலில் எண் இல்லை. மாமாவை இன்று கூட்டிப்போகிறேன்.

பெரட்டுக்களத்து மகள் | புதன், இரவு 8.20

காலையிலேயே போனோம். மருத்துவர் குதிகாலில் நடக்கவிட்டார், பெருவிரலைக் கையால் அழுத்திப் பிடித்துத் தூக்கச் சொன்னார். சக்தி இருக்கிறது, மேற்பாதத்தில் உணர்ச்சிதான் குறைவு, செருப்பு கழல்வது தெரியாததற்கு அதுவே காரணம் என்றார். பலவீனம் வந்தால் உடனே வரச் சொல்லி, குனிந்து நிமிர்ந்து எக்ஸ்ரேயும் எழுதிக் கொடுத்தார். நிபுணரைப் பார்க்கக் கட்டணம் 5 வெள்ளி. அதைவிட வண்டி நிறுத்தத்துக்கு அலைந்த எண்ணெய்க் காசு அதிகம்.

இந்த முறை கேள்விகளைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனேன். ஊசி மூட்டுக்குள், சி.டி. பார்த்து. நிறமருந்து கட்டிக்குள் போனால் உடைக்க முயல்வார்கள், போகாவிட்டால் ஸ்டீராய்டு மட்டும். எம்.ஆர்.ஐ.யில் கட்டி பளிச்சென்று வெண்மையாகத் தெரிகிறது, நீர் அதிகம், இப்படிப்பட்டவை உடைவது எளிது என்று காட்டினார். எக்ஸ்ரேயில் எலும்பு அசைவு பெரிதாக இல்லை. சர்க்கரையை மூன்று வாரம் கட்டுக்குள் வைத்துக் காட்டினால் தேதி என்றார்.

கிராணி பேரன் | புதன், இரவு 8.55

எலும்பு அசையவில்லை என்றால் நானும் ஊசிக்கே ஓட்டுப் போடுகிறேன். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா? என் அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட். பல் பிடுங்கப் போகும்போது யாரையும் கேட்காமல் குளோபிடோக்ரலை அவராகவே நிறுத்திவிட்டார். அதை எழுத இப்போதும் கை நடுங்குகிறது. நிறுத்துவதா தொடர்வதா என்பதை மருத்துவர் வாயால் கேளுங்கள்.

பெரட்டுக்களத்து மகள் | நான்கு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.05

ஊசி போட்டு ஒன்பது நாள். எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

மேசையில் ஏறும்வரை அம்மா என் கையை விடவில்லை. கண்ணாடிக்கு அப்பால் நின்றேன். ஒரு நேரம் அம்மாவின் வலக்கை எழுந்து காற்றில் எதையோ பிடித்தது. பிறகு மெல்ல இறங்கியது. வெளியே வந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "அந்த எக்ஸ்ரேக்காரர் பொய் சொல்லவில்லை." கட்டி உடைந்துவிட்டது என்றார் மருத்துவர். அரை மணி நேரம் படுக்கவைத்து அனுப்பினார்கள்.

சர்க்கரைதான் எங்களைப் படுத்தியது. ஊசிக்கு முன் காலையில் 7.4 (இங்கே லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு). மறுநாள் 13.9, அதற்கடுத்த நாள் 15.2. முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. கிளினிக்கில் கேட்டு மருந்தளவைச் சில நாளுக்கு மாற்றினோம். ஆறாம் நாள் 8.1-க்கு இறங்கியது. கருவி வீட்டில் இல்லாதவர்கள் ஊசிக்கு முன்பே ஒன்று வாங்கிவிடுங்கள்.

கம்பி இழுப்பது நின்றுவிட்டது. மேற்பாதத்தில் மரப்பு இன்னும் இருக்கிறது. நேற்று கோயிலுக்கு ஒரே ஒரு முறை உட்கார்ந்து போய்ச்சேர்ந்தார், அதுவும் தையல்காரப் பெண்ணிடம் பேச. அடுத்த மாதம் பிசியோதெரபி தொடங்குகிறது.

ஒரு சிக்கல். ஈப்போ கல்லுமலையில் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க அம்மா பெயர் கொடுத்துவிட்டார். என்னைக் கேட்கவே இல்லை. இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. எடுக்கலாமா?

பழைய எக்ஸ்ரேக்காரன் | ஞாயிறு, இரவு 9.30

மருத்துவரைக் கேளுங்கள். என் கவலை தூரமன்று, குடம். தலையில் சுமையை வைத்தால் முதுகு நிமிர்ந்தே இருக்க வேண்டும், குனிய வழியில்லை. நரம்புக்கு இடம் குறைவது அந்த நிலையில்தான். சிறிய செம்பாகக் கையில் ஏந்தி, பாதித் தூரத்தில் சேர்ந்துகொள்ளச் சொல்லிப் பாருங்கள்.

பெரட்டுக்களத்து மகள் | ஞாயிறு, இரவு 9.41

சொன்னேன். செம்புக்குச் சம்மதம். பாதித் தூரத்துக்கு முருகனிடம் கேட்டுச் சொல்கிறாராம்.